மாப்புத் தலை

அன்று காலையில் கிருஷ்ணராஜ் கடைசியாகத் தேய்த்தது சாம்பார் குண்டாவை. அடியில் பருப்பு பிடித்துக் கருகியிருந்தது. நிர்மலா தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருந்தாள். ஊறட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவன் கேட்கிற ஆளில்லை. வேலைக்குப் போகும் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டி முன்னால் போய் நின்றான். குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் தானே அடித்திருந்த கொக்கியிலிருந்து மாப்பை எடுத்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி, அதன் நுனியில் திருகிப் பூட்டுகிற ஒரு தலை, தலையில் கம்பி நார். அவ்வளவுதான் அந்தச் சாமான். குண்டாவுக்குள் இறக்கி, அழுத்தி, நாலு திருகு திருகினான். கருகல் பெயர்ந்து மேலே மிதந்தது.

"கழலுதா பாரு," என்றான்.

"உங்களுக்குக் கழல மாட்டேங்குது. நேத்து ஒரு ரசச் சட்டியத் தேய்ச்சேன், தலை தொபுக்குன்னு உள்ள விழுந்துருச்சு."

"நீ எதுக்கு அதத் தொட்டே? நான் வந்து தேய்க்க மாட்டனா?" என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "விழுந்துச்சுன்னா நீ பூட்டுனது சரியில்ல புள்ள," என்றான்.

"பூட்டத் தெரியாதவகிட்டத்தான் இத்தன வருசமா வீட்டுச் சாவியக் குடுத்து வெச்சிருக்கறீங்களாக்கும்."

அவன் தோள் குலுங்கச் சிரித்தான். உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்த தமிழ்ப்ரியா, கல்லூரிக்கு நேரமாகிறது என்ற கோபத்திலேயே குரல் கொடுத்தாள். "அப்பா, சும்மா மாப்பு மாப்புன்னா யாரு வாங்குவா? ஒரு பேரு வைப்பா அதுக்கு."

"உங்கம்மா பேரையே வெச்சிரலாம்."

"வேண்டாஞ் சாமி," என்றாள் நிர்மலா. "கழண்டு கழண்டு விழுகறதுக்கு எம்பேரா?"

குண்டாவைக் கவிழ்த்து வைத்தான். மாப்பை உதறிக் கொக்கியில் மாட்டினான். சாப்பாட்டு டப்பாவை வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினான். போய்வருகிறேன் என்று சொன்னானா இல்லையா என்பது நிர்மலாவுக்கு நினைவில்லை. தினமும் சொல்கிறதைக் காது எங்கே வாங்கி வைக்கிறது.

மைசூர் கே.ஆர்.எஸ். ரோட்டில் பாதி தூரம் போனவன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். யாருக்கோ காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்ததாம். எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நிழல் நகர்ந்து முகத்தில் வெயில் விழுந்தது. அதற்குப் பிறகும் அந்த ஆள் முகத்தைத் திருப்பாததைப் பார்த்துத்தான் எழுந்து வந்திருக்கிறார்.

உடலை மார்டள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அவனுடைய ஊர் அது. அவனுடைய அம்மா மாரக்காள், படையல் போடும்போது இலைக்கு முன்னால் உட்கார்ந்து, செத்துப்போன மகனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "திங்கற கைய மட்டுந்தானடா அடிச்சுத் திருத்துனேன். மத்ததெல்லாம் உன்ற இஷ்டத்துக்குத்தான விட்டேன். இதையும் உன்ற இஷ்டத்துக்குப் பண்ணிட்டுப் போயிட்டயே." கேட்டவர்கள் அழுதார்கள். நிர்மலாவுக்கு அழுகை வரவில்லை. மைசூரில் கொக்கியில் ஈரத்தோடு தொங்குகிற மாப்பின் கம்பி நார் துருப்பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

கருமாதி முடிந்ததும் அவனுடைய அண்ணன் சென்னப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"அங்க தனியா இருந்துக்கிட்டு என்னம்மா பண்ணுவே? மாசம் முடியட்டும், டெம்போ கொண்டாரேன். சாமானெல்லாம் ஏத்திட்டு இங்கயே வந்துருங்க."

"ப்ரியா படிப்பு இருக்குதுங்க மாமா."

"கொள்ளேகாலத்துல காலேஜ் இல்லையா?"

"மெஸ்ஸு இருக்குதுங்க."

சென்னப்பன் அவள் கைகளைப் பார்த்தார். அவள் அவற்றை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கைகள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மேட்டகள்ளியில் வாடகை வீட்டு முன்னறையில் நிர்மலா மதியச் சாப்பாடு போட்டுவந்தாள். சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பழகும் பையன்களும் பெண்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சமையல் அவளுக்குச் சுமையே இல்லை. பாத்திரம்தான் சுமை. சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு விரலிடுக்குகள் வெடித்தன. வெடிப்பில் ரத்தம் கசிந்தது. டாக்டர் களிம்பு கொடுத்துவிட்டு, கையை நனைக்காதே என்றார். ரப்பர் கையுறை வாங்கிப் போட்டாள்; உள்ளங்கை முழுக்கக் கொப்பளம் வந்தது. ரப்பரே ஆகாதாம். கடையில் விற்கிற பிரஷ்ஷெல்லாம் எச்சில் தட்டுக்குச் சரி. சாதம் வடித்த அண்டாவின் அடிப்பிடிப்பை அது தடவிக் கொடுக்கும், அவ்வளவுதான். கம்பி நாரைக் குச்சியில் ஒட்டியது ஒன்று கிடைத்தது. நார் தேய்ந்ததும் குச்சியோடு தூக்கிப் போட வேண்டியிருந்தது.

ரத்தக் கையால் எப்படிச் சோறு பிசைந்து போடுவது? சாப்பிட வருகிற பிள்ளைகள் பார்த்தால் மறுநாள் வருவார்களா? மெஸ்ஸை மூடிவிடலாம் என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் கிருஷ்ணராஜ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாத்திரம் அவன் வேலை. பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்கிற டூல் ரூமில் லேத்தில் நிற்கிறவன். வேலை முடிந்து வந்தால் இங்கே தொட்டியில் நிற்பான். தேய்த்துக்கொண்டே யோசிப்பான். கைப்பிடி நிலையாக இருக்க வேண்டும், தலையை மட்டும் மாற்ற வேண்டும், அண்டாவை அழுத்தித் தேய்த்தாலும் தலை ஆடக் கூடாது. ஒன்று செய்வான், தேய்த்துப் பார்ப்பான், சரியில்லை என்று பழைய பெயிண்ட் வாளியில் போடுவான். மறுபடி ஒன்று. கொக்கியில் தொங்கியது, கடைசியாக அவனுக்குத் திருப்தியானது.

நிர்மலா மைசூருக்குத் திரும்பி வந்து மெஸ்ஸை மறுபடி திறந்தாள். சாப்பிட வந்த பிள்ளைகள் முதல் நாள் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தங்கள் தட்டுகளைத் தாங்களே கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அண்டாவும் குண்டாவும் மட்டும் தொட்டியில் இருந்தன. அவள் மாப்பை எடுத்தாள். தலையை இறுக்கிப் பூட்டினாள். அண்டாவுக்குள் விட்டு அழுத்தித் திருகினாள்.

தலை கழன்று தண்ணீருக்குள் போனது.

கையை விட்டு எடுத்தாள். வெடிப்புகளில் சோப்பு எரிந்தது. பூட்டினாள். திருகினாள். கழன்றது. இன்னும் இறுக்கிப் பூட்டினாள். கொஞ்ச நேரம் நின்றது. அடிப்பிடிப்பில் பட்டதும் கழன்றது. தமிழ்ப்ரியா வந்து வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் அதேதான்.

"அப்பாவுக்கு மட்டும் எப்படிம்மா நின்னுச்சு?"

நிர்மலா மாப்பை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். அந்த வீட்டில் அவனோடு சேர்ந்து இன்னொன்றும் செத்துப்போய்விட்டது என்றுதான் தோன்றியது. அவன் கை படாததால் அது வேலை செய்ய மறுக்கிறது என்று நினைத்தாள். படித்தவள், அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை தலை தண்ணீரில் விழும்போதும் அந்த நினைப்புதான் வந்தது.

அவளுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைத் திருகு மரையில் சுற்றினாள். சாக்குத் தைக்கிற நூலைச் சுற்றினாள். குக்கரின் பழைய ரப்பரை வெட்டி நடுவில் வைத்தாள். கழன்றது, கழன்றது, கழன்றது. கடைசியில் வெறுங்கையில் கம்பி நாரைப் பிடித்துத் தேய்த்தாள். அந்த வாரக் கடைசியில் அவளால் விரல்களை மடக்க முடியவில்லை. சாதத்தைக் கரண்டியால்கூட அள்ள முடியாமல் தமிழ்ப்ரியாவை நிற்க வைத்தாள். ஒரு பெண் தட்டை நீட்டியபடியே நிர்மலாவின் கையைப் பார்த்துவிட்டு, ரசம் வேண்டாம் ஆன்ட்டி என்றாள். தினமும் இரண்டு முறை ரசம் கேட்கிற பெண் அவள்.

சனிக்கிழமை சுரேந்தர் வந்தான். டூல் ரூமின் முதலாளி. முதலாளி என்றாலும் கிருஷ்ணராஜைவிட வயதில் இளையவன், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனை ராஜண்ணா என்பான்; இவளைக் கன்னட வழக்கப்படி, அண்ணி என்பதற்கு, அத்திகே என்பான். கிருஷ்ணராஜ் அங்கே விட்டுவைத்த செருப்பையும் ஒரு சட்டையையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பையைக் கீழே வைத்தான்.

"அத்திகே, ராஜண்ணாவோட மாப்புக்கு நான் ஒரு வாக்கு குடுத்திருந்தேன்," என்று ஆரம்பித்தான். "தலைக்கு மோல்டு பண்ணித் தர்றேன்னு. எஃகு பிளாக் எடுத்து வச்சாச்சு. உள்ள மரை வர்றதுக்கு ஒரு கோர் வேணும், அதை அண்ணனே லேத்துல கடைஞ்சு முடிச்சிட்டார். திங்கக்கிழமை மிஷின் சும்மா இருக்கு. அன்னிக்கு பிளாக்கை வெட்டிடலாம். அதுக்கப்புறம் பெரிய வேலை ஒண்ணு வருது, மிஷின் என் கையில இல்லை."

நிர்மலா எழுந்து போய் மாப்பைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். கூடவே அண்டாவையும் கொடுத்தாள்.

"தேய்ச்சுப் பாருங்க."

சுரேந்தர் அண்டாவை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தேய்த்தான். தலை கழன்று டங்கென்று விழுந்தது. பூட்டித் தேய்த்தான். விழுந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மரையைப் பார்த்தான்.

"லெஃப்ட் மரை. எல்லா ஸ்க்ரூவும் வலப்பக்கம் திருகினா இறுகும். இது இடப்பக்கம் திருகினா இறுகும். கோர் கடையும்போதே கேட்டேன், ஏன் ராஜண்ணா தலைகீழா போடறீங்கன்னு. சாதா மரை போட்டேண்டா, தேய்க்கத் தேய்க்கக் கழலுது, இதுதான் நிக்குதுன்னார்."

"அப்ப அதுவும் கழலுது, இதுவும் கழலுதா?"

"அப்படித்தான் ஆகுது."

தலையை மறுபடி கைப்பிடியில் பூட்டி அவளிடம் நீட்டினான்.

"அண்ணன் இருந்தா கண்டுபிடிச்சிருப்பார்," என்றான் சுரேந்தர். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவன் முகம் சொன்னது. "தப்பா நெனைக்காதீங்க அத்திகே. திங்கக்கிழமைக்குள்ள என்ன மாத்தணும்னு தெரிஞ்சா சொல்லுங்க, செஞ்சிடறேன். தெரியலைன்னா அந்த எஃகை வேற வேலைக்கு எடுத்துடுவேன். கழலற சாமானுக்கு மோல்டு போட்டு என்ன பிரயோஜனம்?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிருஷ்ணராஜ் போன பிறகு அவனுடையது என்று உலகத்தில் புதிதாக வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதுவும் திங்கட்கிழமையோடு இல்லையென்றாகிவிடும். அதற்குப் பிறகு டெம்போ வரும்; மேலே வலை கட்டி அண்டா குண்டாவெல்லாம் ஏற்றுவார்கள்.

"அம்மா, பிடு," என்றாள் தமிழ்ப்ரியா. விட்டுவிடு என்பதை அவளுக்குக் கன்னடத்தில்தான் சொல்ல வரும். "பெரியப்பா கூட ஊருக்குப் போயிடலாம். உன் கையைப் பாரு."

"உங்கப்பா இதை யாருக்குப் பண்ணுனாரு?"

"உனக்குத்தான்."

"அப்பறம் எப்படி விடறது?"

மகள் களிம்பை எடுத்து வந்து அம்மாவின் விரல்களில் தடவினாள். அவளுக்குத் தடவத் தெரியாது. அதுவும் அவன்தான் செய்துகொண்டிருந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது. ஆனால் சனிக்கிழமை பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. மதிய வெயில் சமையலறை ஜன்னல் வழியாகத் தொட்டியில் விழுந்தது. தமிழ்ப்ரியா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். நிர்மலா காலையிலிருந்து பத்துப் பதினைந்து தடவை பூட்டிப் பார்த்து, அது கழன்று கழன்று விழ, ஒரு தடவை ஆத்திரத்தில் கைப்பிடியைச் சுவரில் வீசி அடித்திருந்தாள். சுவரில் காரை பெயர்ந்தது. கைப்பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் செய்தது அவ்வளவு சுலபத்தில் உடையாது. அதைப் பொறுக்கி எடுத்து, தலையைப் பூட்டி, கொக்கியில் மாட்டிவிட்டு, பீரோவைத் திறந்தாள். சுரேந்தர் கொண்டுவந்த சட்டையை எடுத்தாள். துவைக்காத சட்டை. லேத்து எண்ணெய் வாசம் அடித்தது. புடவைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டாள்.

இனிமேல் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் எப்படி நின்றான் என்றாவது ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். மறந்துபோவதற்குள்.

தொட்டி முன்னால் போய் அவன் நின்ற இடத்தில் நின்றாள். அவன் சட்டைக் கையைச் சுருட்டியது போலச் சுருட்டினாள். இடுப்பைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். வலது கையால் அண்டாவின் விளிம்பைப் பிடித்துச் சாய்ப்பான். அப்படிச் சாய்த்தாள். பிறகு கையை நீட்டிக் கொக்கியிலிருந்து மாப்பை எடுப்பான். எடுத்தாள். அண்டாவுக்குள் இறக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தோளை முன்னால் கொடுத்து அழுத்தித் திருகுவான். திருகினாள். கை பழக்கமில்லாமல் தடுமாறியது. நார் அடிப்பிடிப்பில் கரகரத்தது. திருகினாள், திருகினாள், திருகினாள். கண்ணில் நீர் நிறைந்து அண்டா கலங்கித் தெரிந்தது. அவன் இப்படித்தான் நின்றான், இப்படித்தான் மூச்சு விட்டான் என்று நினைத்தபடி தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அண்டா சுத்தமாகியிருந்தது.

தலை கழலவில்லை.

அவள் அசையாமல் நின்றாள். பயமாக இருந்தது. அவன் சட்டையைப் போட்டதால்தான் என்று ஒரு கணம் நம்பினாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். மாப்பு அவளுடைய இடது கையில் இருந்தது.

கொக்கி குழாய்க்கு இடப்பக்கம் இருந்தது. வலது கை அண்டாவைப் பிடித்திருந்ததால் இடது கையை நீட்டி எடுத்திருந்தாள். அவன் எடுப்பது போல. அவனுக்கு எழுதுவது, சுத்தியல் பிடிப்பது, லேத்தின் சக்கரத்தைச் சுற்றுவது எல்லாம் இடது கை. சாப்பாடு மட்டும் வலது. அது மாரக்காள் அடித்துத் திருத்தியது. கல்யாணமான புதிதில் அவன் இடது கையால் தாலிச்சரட்டை நேராக்கிவிட்டபோது கூச்சமாக இருந்தது அவளுக்கு. பிறகு பழகி, பழகி, அவனுக்கு அது இடது கை என்பதே கண்ணில் படாமல் போயிற்று.

கைப்பிடியை வலது கைக்கு மாற்றித் திருகினாள். தலை கழன்று விழுந்தது. பூட்டி, இடது கையில் திருகினாள். இறுகியது. திருகத் திருக, பிடுங்கினாலும் வராதபடி இறுகியது.

வலது கை அழுத்தித் திருகினால் வெளிப்பக்கமாகத்தான் திருகும். இடது கையும் அதேபோல வெளிப்பக்கமாகத்தான் திருகும். ஆனால் ஒரு கைக்கு வெளிப்பக்கம் என்பது மற்றதற்கு உள்பக்கம். அவ்வளவுதான் விஷயம்.

பெயிண்ட் வாளியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். உள்ளே கையை விட்டுக் கிளறினாள். அடியில் கிடந்தது முதன்முதலில் அவன் செய்தது; சாதா மரை. கழலுது என்று அவனே ஒதுக்கிப் போட்டது. துருப்பிடித்த நாரோடு அதைத் தொட்டிக்குக் கொண்டுவந்து, வலது கையில் பிடித்து, குண்டாவின் அடியில் உயிரைக் கொடுத்துத் திருகினாள். தலை அசையவில்லை. ஆரம்பத்திலேயே அவளுக்குச் சரியானதை அவன் செய்துவிட்டிருந்தான். அவளைத் தொட விடாமல் தானே தேய்த்துப் பார்த்து, தன் கைக்குக் கழன்றதால் தூக்கிப் போட்டுவிட்டு, தன் கைக்கு நிற்கிற ஒன்றை அவளுக்காகச் செய்திருந்தான். அவள் கை எரியக் கூடாது என்று தொட்டிப் பக்கமே விடவில்லை. ஒரே ஒரு நாள், நகருங்க என்று முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டு, அவன் கண் முன்னால் ஒரு குண்டாவைத் தேய்த்திருந்தால் போதும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். மார்டள்ளியில் வராத அழுகை. தமிழ்ப்ரியா திரும்பி வந்தபோது அம்மா அப்பாவின் சட்டையோடு, இரண்டு மாப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

நிர்மலா சுரேந்தருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. திங்கட்கிழமை காலையில், மெஸ்ஸுக்கு இன்று சாப்பாடு இல்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, இரண்டு மாப்புகளையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். டூல் ரூம் இருக்கிற ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குள் ஆட்டோ திரும்பியது. மரத்தடியில் ஆட்டோ நின்றபோது வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அந்த மரமில்லை; ஆனாலும்.

டூல் ரூமில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எஃகுக் கட்டியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் விழுந்துகொண்டிருந்தது. சுரேந்தர் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அது அவரோட எஃகா?" என்று கேட்டாள். குரல் மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. கத்திக் கேட்டாள். "வேற வேலைக்கு எடுத்துட்டீங்களா?"

"ஐயோ இல்லை அத்திகே. இது வேற. அண்ணன் பிளாக் அங்க இருக்கு. மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு..." என்று இழுத்தான். "போன் பாக்கல. மன்னிச்சிடுங்க. பையனுக்கு மொட்டை அடிக்க மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தோம், அங்க டவர் இல்லை."

அவள் பையிலிருந்து இரண்டையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். விளக்கிச் சொல்ல வரவில்லை. "இதை இந்தக் கையில புடிங்க. திருகுங்க. இப்ப அந்தக் கையில." கை கழுவும் தொட்டியில் ஒரு டப்பாவை வைத்துத் திருகிக் காட்டினாள். அவனையும் திருக வைத்தாள். சுரேந்தர் இடது கையில் திருகினான். வலது கையில் திருகினான். பழையதை எடுத்துத் திருகினான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"எடச்சா," என்றான் மெதுவாக. இடது கைக்காரனைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம் அவரை. எடச்சா டீ குடிக்க வா, எடச்சா அந்த ஸ்பேனர எடு. வாய்க்கு வாய் கூப்பிட்டோமே. எனக்குத் தோணலையே அத்திகே."

"எனக்கே தோணலை."

அவன் எழுந்து அலமாரியைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து பிரித்தான். கட்டைவிரல் பருமனில் ஒரு எஃகுத் துண்டு, மேலே மரை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. கோர்.

"அண்ணன் கடைசியாக் கடைஞ்சது இதுதான். கெட்டிப்படுத்தி, பாலீஷ் பண்ணி வச்சிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார். இதுல மரையைத் திருப்பி வெட்ட முடியாது. புதுசாத்தான் பண்ணணும்." அதை அவள் பக்கம் நீட்டினான். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். இதை வச்சே மோல்டு போடுவோம். இடது கைக்காரங்களுக்குன்னு விப்போம். அண்ணன் கைவேலையை எப்படி அத்திகே ஓரமா வைக்கறது?"

நிர்மலா கோரைக் கையில் வாங்கினாள். சில்லென்று, அளவுக்கு மீறிக் கனமாக இருந்தது. வெடிப்புகளில் எண்ணெய் பட்டது, எரியவில்லை. இது உள்ளே இருந்தால், அச்சில் வருகிற ஒவ்வொரு தலைக்குள்ளும் அவன் கை இருக்கும். எத்தனை ஆயிரம் தலை வந்தாலும் இருக்கும். ஆனால் வாங்குகிற ஒவ்வொருத்தியின் கையிலும் அது கழன்று விழும். அவள் அண்டாவுக்குள் கையை விட்டுத் துழாவுவாள், சோப்பு எரியும், தூக்கிப் போடுவாள். யார் செய்தது என்று ஒரு கெட்ட வார்த்தையும் சொல்வாள்.

"ஊர்ல இருக்கற எல்லாரும் அவராங்க?" என்றாள்.

சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டான்.

"புதுசாவே கடையுங்க. சாதா மரை."

"இதை?"

அவள் கோரைக் காகிதத்தில் சுற்றி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சுரேந்தர் லேத்துக்குப் போனான். கிருஷ்ணராஜ் நின்ற லேத்து அது. எஃகுக் கம்பியைப் பூட்டிச் சுழலவிட்டபோது எழுந்த சத்தத்தைக் கேட்க முடியாமல் அவள் வெளியே வந்து வெயிலில் நின்றாள். அவன் அங்கே இருப்பதற்கான கடைசிக் காரணத்தை அவளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இடுப்பில் அது கனத்தது. திரும்பிப் போய், வேண்டாம், இதையே வையுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று கால் இரண்டு தடவை திரும்பியது. உள்ளே லேத்து சத்தம் நிற்கும் வரை அங்கேயே நின்றாள்.

தலைகள் வந்தன. சுரேந்தர் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். வலது கையில் கழலவில்லை. டெம்போ வேண்டாம் என்று போனில் சொன்னபோது சென்னப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்காவது வாங்க என்றார். மெஸ்ஸில் சாப்பிடுகிற பிள்ளைகள் சிலர் தங்கள் அறைக்கு ஒன்று வாங்கிப் போனார்கள். ரசம் வேண்டாம் என்ற பெண் மறுபடி ரசம் கேட்டாள். கை முழுக்க ஆறிவிடவில்லை. பனிக்காலத்தில் வெடிக்கத்தான் செய்கிறது. களிம்பு தடவத் தமிழ்ப்ரியா கற்றுக்கொண்டுவிட்டாள்.

நார் தேய்ந்ததும் நிர்மலா தலையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுகிறாள். கோர் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், எண்ணெய்க் காகிதத்திலேயே இருக்கிறது. துரு ஏறிவிடக் கூடாது என்று அவ்வப்போது எடுத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பாள்.

ஒருநாள், அம்மா தொட்டிக்குக் குறுக்கே கையை நீட்டி மாப்பை எடுப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழ்ப்ரியா சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் எதுக்கும்மா இப்படி எட்டறே? கொக்கியை இந்தப் பக்கம் மாத்திக்கலாம். ரெண்டு ஆணிதானே, நான் அடிச்சுத் தர்றேன்."

"சுவரு பேந்துரும்," என்றாள் நிர்மலா.

கொக்கி குழாய்க்கு இடப்பக்கம்தான் இருக்கிறது.